விலகிய காரணம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. சன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு எம்பத்தோரு வயசாச்சு, நான் பாக்காத பொட்டலா. நீங்க எதுவரைக்கும்? மதுரையா. நான் மும்பை. ஆமா, கடைசி வரைக்கும். தனியாத்தான். தனியான்னும் சொல்ல முடியாது, ஒரு ஆளு கூட வாறாரு, அடுத்த பெட்டியில இருக்காரு. வர வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. சவத்த விடுங்க. வந்துட்டுப் போறாரு.

என்ன சோலியாப் போறேன்னா, ஒரு தேதி கேட்டு எழுதணும். ஒரு தேதி, பெறவு இன்னொரு கட்டம். அவ்வளவுதான். போன்ல கேக்கலாம்தான். ஆனா ரிஜிஸ்தர்ல ஏத்துற விசயத்த நான் என்னைக்கும் போன்ல கேட்டு எழுதுனதில்ல.

நான் ரைட்டர். பேரு கோயில்பிள்ளை. கோயில்பிள்ளைன்னு கேட்டீங்கன்னா எங்க ஊர்ல நாலு பேரக் காட்டுவாவ. ரைட்டர்னு கேட்டா என்னையத்தான் காட்டணும். கத எழுதுத ரைட்டர் இல்ல, பள்ளிக்கூட ஆபீஸ் ரைட்டர். ஆரோன்புரம் ஹார்லன் ஹைஸ்கூல். கேள்விப்பட்டதில்லையா? இந்த வருசம் நூத்தம்பதாவது ஆண்டு. பேப்பர்ல கூட போட்டான், சின்னதா, ஆறாம் பக்கத்துல.

ஹார்லன் ஐயர்னு ஒரு வெள்ளக்காரர் வச்ச பள்ளிக்கூடம். பாதிரிமாரை எங்க பக்கம் ஐயர்னுதான் சொல்லுவோம். அவரு மொதல்ல மிஷன்லதான் இருந்தாரு. கீழ்த்தெருப் பிள்ளையள தனி பெஞ்சுல உக்கார வையும்னு ஊர்ப் பெரியாளுக சொல்லியிருக்காவ, மிஷனும் சரின்னு தலையாட்டிட்டு. இவரு முடியாதுன்னுட்டாரு. ஒரே பெஞ்சுதான், இஷ்டம்னா இரு, இல்லன்னா போன்னுட்டு வெளிய வந்து, பனங்காட்டுல ஓலக் கொட்டாயப் போட்டு முப்பத்தொரு பையன்களோட ஆரம்பிச்சாரு. அன்னையில இருந்து எங்க பள்ளிக்கூடம் மிஷனுக்கும் கட்டுப்பட்டதில்ல, டயோசீசனுக்கும் கட்டுப்பட்டதில்ல. கவர்மெண்டுகிட்டயும் கை நீட்டுறதில்ல. பழைய மாணவர்கள் சங்கம்தான் நடத்துது. படிச்சவனுக்குத்தான் பள்ளிக்கூடம் சொந்தம். அப்படி ஒரு ஏற்பாடு.

யாரெல்லாம் படிச்சிருக்காவங்கீங்க! ரெண்டு ஹைகோர்ட் ஜட்ஜு. ஒரு பிஷப்பு. பர்மாவுல ரயில் பாலம் கட்டுன இஞ்சினியர். கப்பல் கேப்டனே மூணு பேரு. கள்ளநோட்டு அடிச்சு ஏழு வருசம் ஜெயில்ல கெடந்தவன் ஒருத்தன், அவனும் எங்க பையன்தான். எழுத்து முத்து முத்தா இருக்கும். எங்க பையன், எங்க பையன்னு சொல்லுதேன், நான் அங்க படிக்கல பாத்துக்கிடுங்க. நான் படிச்சது பஞ்சாயத்து போர்டு ஸ்கூல். அறுவத்து நாலுல வேலைக்குத்தான் வந்தேன். முப்பத்தேழு வருசம் ரைட்டர் வேல. சங்கக் கூட்டம்னா பழைய மாணவர்களுக்கு நடுவுல நாற்காலி, எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஓரத்துல பெஞ்சு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. முறைன்னா முறைதான்.

அங்க ஒரு பழக்கம் உண்டு. வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இருக்காது. ஹார்லன் ஐயர் காலத்துல காலரா வந்து, போர்டிங்ல ஒரே மாசத்துல பதினோரு பிள்ளைய போயிட்டு. பெறவு பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு ஐயர் ஆஜர் எடுக்காரு. செத்தவன் பேரத் தாண்டிப் போக அவருக்கு மனசு வரல. கூப்பிட்டுட்டாரு. கூப்பிட்டுட்டு என்ன செய்யன்னு தெரியாம நிக்காரு. அப்போ பக்கத்துல உக்காந்திருந்த பையன் எழும்பி, அந்தச் செத்த பையனுக்காக, "உள்ளேன் ஐயா"ன்னு சொன்னானாம். பதினோரு பேருக்கும் பதினோரு பையன் எழும்பிச் சொன்னானுவளாம். அன்னையில இருந்து வருசா வருசம் ஆகஸ்ட்ல பேர் வாசிப்பு. அந்த வருசத்துல செத்துப்போன பழைய மாணவர்கள் பேர அட்மிஷன் நம்பரோட வாசிப்பாவ. ஒரு பேருக்கு ஒரு மணி. கூடப் படிச்சவன் யாராச்சும் எழும்பி "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லணும். மூணு தடவ கூப்பிடுவாவ. மூணு தடவையும் பதில் வரலன்னா, "வரவில்லை"ன்னு ரிஜிஸ்தர்ல எழுதணும். எழுதுறது நான். ரிட்டயர் ஆன பெறவும் அந்தப் பட்டியல் நான்தான் எழுதிக் குடுக்கேன். ஏன்னா நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஜட்ஜுக்குப் பதில் சொல்ல முப்பது பேரு எழும்புவான். கள்ளநோட்டுக்காரனுக்கு ஒரு வாத்தியார் எழும்பிச் சொன்னாரு. வாசிக்காம விடுறது யாரன்னா, பேரு மேல சிவப்புக் கோடு விழுந்தவன மட்டுந்தான். பள்ளிக்கூடத்த விட்டு நீக்குனா, அடிக்கோல வச்சு செவப்பு மையில ஒரு கோடு. கோடு விழுந்தவன் பழைய மாணவன் இல்ல. செத்தாலும் அவன் பேர வாசிக்கிறதில்ல. நூத்தம்பது வருசத்துல இருவத்திமூணு கோடு. அதுல நாலு கோடு நான் போட்டது.

அந்த நாலுல ஒண்ணு எம்மவன்.

வில்பிரட்டுன்னு பேரு. ஒரே பையன். ஏழாயிரத்து நானூத்திப் பதினேழு. எம்பத்தாறாம் வருசம் பத்தாவது படிச்சான். அரைப்பரீட்சை கணக்குப் பேப்பர் கட்டு என் ஆபீஸ் பீரோவுல இருந்தது. சாவி பகல்ல என் இடுப்புல இருக்கும், வீட்டுக்கு வந்தா வாசப்பக்க ஆணியில தொங்கும். பரீட்சை முடிஞ்ச பெறவு மேற்பார்வை வாத்தியார் வந்து, ஒரு பேப்பர் குறையுதுங்காரு. கவரப் பாத்தா பிரிச்சு ஒட்டியிருக்கு. பையன்க பைய எல்லாம் சோதன போட்டோம். வில்பிரட்டு பாட்டுப் புத்தகத்துக்குள்ள நாலா மடிச்சு இருந்தது.

"நீயா எடுத்த?"ன்னு ஹெட்மாஸ்டர் கேட்டாவ. தர்மசீலன் சார்னு, தங்கமான மனுசன். இவன் வாயத் தொறக்கல. என்னையப் பாத்தான், பெறவு தரையப் பாத்தான். பேசாம நின்னா என்ன அர்த்தம்? அதான் அர்த்தம். தப்பு செய்யாதவன் இல்லன்னு சொல்லுவாம்லா.

ஹெட்மாஸ்டர் சொன்னாவ, "ரைட்டரே, அவசரப்படாதீரும். ஒரு வாரம் போட்டும். பையன் ஏதாச்சும் சொல்லுவான்." நான் சொன்னேன், "வேண்டாம் சார். ரைட்டர் மவன்னு சலுகை காட்டியாச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது." அன்னைக்குச் சாயங்காலமே ரிஜிஸ்தரத் தொறந்து கோட்டப் போட்டேன். கோடு நேராத்தான் விழுந்தது. ஹெட்மாஸ்டர் எம்மூஞ்சியப் பாக்காம கையெழுத்துப் போட்டாவ.

வீட்டுல சாராள், என் வீட்டுக்காரி, அடுப்படியில நின்னுக்கிட்டு ஒரே வார்த்தையத் திரும்பத் திரும்பச் சொன்னா. "அவன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன். ஒரு வார்த்த கேளுங்களேன்." கேக்கதுக்கு என்ன இருக்கு? பேப்பர் கையில இருக்கு.

அதுல பாருங்க, மார்க்கு வந்தது. எங்க வில்பிரட்டுக்குக் கணக்குல இருவத்தேழு. பேப்பரக் களவாண்டும் இருவத்தேழு! அதுக்கும் துப்பில்ல. அவன் கூட ஒருத்தன் சுத்துவான், ஞானதுரைன்னு. போர்டிங் பையன். தகப்பன் இல்ல, தாயி உப்பளத்துல வேல பாத்தா. ஞாயித்துக்கிழமையானா எங்க வீட்டுலதான் சாப்பாடு. ரெண்டு பேரும் வாசல்ல பாய விரிச்சுப் படிப்பானுவ. அந்த ஞானதுரை காப்பரீட்சையில கணக்குல முப்பத்தொண்ணு வாங்குனவன், அரைப்பரீட்சையில தொண்ணூத்தி நாலு! ரெண்டே மாசத்துல. அதப் பாத்து நான் வில்பிரட்டுகிட்ட சொன்னேன், "பாரு, உன் கூடத்தான படிச்சான், உழைச்சவன் முன்னுக்கு வாறான்"னு. பாயச் சுருட்டிட்டு உள்ள போயிட்டான். அழுத்தக்காரன் அவன்.

அந்த ஞானதுரைதான் தம்பி இப்போ சென்னையில பெரிய இருதய டாக்டர். பழைய மாணவர்கள் சங்கத் தலைவரும் அவருதான். நன்றியுள்ள பிள்ளை. வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு எனக்கு வேட்டி சட்டை வந்துரும். சாராள் படுக்கையில கெடந்தப்போ லீவு போட்டுட்டு வந்து பதினாறு நாள் பக்கத்துலயே இருந்தாரு. சொந்தப் பிள்ளை செய்யாதத அவரு செஞ்சாரு. ஒரு நாள் சாராள் அவரு கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னா. இவரு கேவிக் கேவி அழுதாரு. நான் கஞ்சி கொண்டு போனதும் ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டாவ. இளகின மனசு அவருக்கு.

வில்பிரட்டா? அந்தக் கிறிஸ்மஸுக்கு நாலு நாளைக்கு முந்தி பம்பாய்க்குப் போயிட்டான். ஊர்க்காரர் ஒருத்தர் வெல்டிங் பட்டறை வச்சிருந்தாரு, அவரு கூட. தாயிக்கு மட்டும் கடுதாசி போடுவான். அவ போன பெறவு அதுவும் இல்ல. அவ அடக்கத்துக்கு வந்தான். வண்டி லேட்டாயிட்டு, மண்ணப் போட்டு மூடுன பெறவுதான் வந்து சேந்தான். கல்லறைத் தோட்டத்துல ரெண்டு பேரும் நின்னோம். "சாப்ட்டியா?"ன்னேன். "சாப்ட்டேன்"னான். அவ்வளவுதான் பேசுனோம். அதுக்குப் பெறவு நான் அவனப் பாக்கல.

இந்த பிப்ரவரியில போன் வந்தது. மருமவ. நான் அந்தப் பிள்ளைய பாத்ததில்ல, தாராவியில பெறந்து வளந்த தமிழ்ப் பிள்ளை. "மாமா, அவங்க போயிட்டாங்க"ன்னா. "சரிம்மா"ன்னேன். என்னைக்குப் போனான், எப்படிப் போனான், ஒண்ணும் கேக்கல. போன வச்சிட்டேன். அடுப்புல பால் இருந்தது, அதப் போய் இறக்குனேன். பொங்கி வழியல. சரியான நேரத்துக்குத்தான் இறக்குனேன். அழுக வரும்னு கொஞ்ச நேரம் நாற்காலியில உக்காந்து பாத்தேன். வரல. பல்லு புடுங்குறதுக்கு முந்தி மரப்பு ஊசி போடுவாவல்லா, கன்னத்தத் தொட்டா நம்ம கன்னம் மாதிரியே தெரியாது. அப்படித்தான் இருந்தது. இப்பவும் அப்படித்தான் இருக்கு. பழகிட்டு.

டீயா? வேண்டாம் தம்பி. அந்தா, அவரு கொண்டு வருவாரு பாருங்க. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போவாரு. நின்னு என்னமோ சொல்ல வருவாரு. வண்டி புறப்பட்டதும் போயிருவாரு.

இந்த ஆகஸ்ட்ல பேர் வாசிப்பு. நூத்தம்பதாவது வருசம், பந்தல் போட்டு, ஆயிரம் பேருக்கு மேல வந்திருந்தாவ. பட்டியல் நான்தான் எழுதிக் குடுத்தேன். பதினாலு பேரு. பதினாலுதான், நல்லா நெனவு இருக்கு. புது ஹெட்மாஸ்டர் வாசிக்காரு. பதினாலும் முடிஞ்சுது. நான் ஓரத்து பெஞ்சுல கண்ணாடியக் கழட்டி வேட்டியில தொடைக்கேன். மைக்குல கேக்கு, "ஏழாயிரத்து நானூத்திப் பதினேழு. கோ. வில்பிரட்."

மணி ஒண்ணு அடிச்சுது.

எவனோ வெளங்காதவன் எழுதிச் சேத்துட்டான். பெறவு நான் ஹெட்மாஸ்டர்கிட்ட அந்தத் தாள வாங்கிப் பாத்தேன். என் எழுத்து மாதிரியே இருக்கு. என் பேனா மை. நம்பர எழுத்தாலதான் எழுதுவேன், அதுல 'ழ'வுக்குக் கீழ ஒரு சுழி போடுவேன், அந்தச் சுழி கூட இருக்கு. "ஐயா, நீங்கதான எழுதிக் குடுத்தீங்க"ங்காரு அவரு. நான் எழுதல தம்பி. கோடு போட்டவனே எழுதுவானா? எழுதுனா எனக்குத் தெரியாதா?

மொதத் தடவ கூப்பிட்டாவ. ஒருத்தரும் எழும்பல. அவன் செட்டு பையன்க ஒரு நாப்பது பேரு இருந்தானுவ. எல்லாவனுக்கும் சிவப்புக் கோட்டு விசயம் தெரியும், ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கான். ரெண்டாவது தடவ கூப்பிட்டாவ. அந்த ரெண்டாவது கூப்பிடுக்கு நான் எழும்பி நின்னேனாம். பக்கத்துல இருந்த எஸ்தர் டீச்சர் சொல்லுது. "எழும்பி வாயத் தொறந்தீங்க அண்ணாச்சி, நான்தான் கையப் புடிச்சு உக்கார வச்சேன்"னு. நான் எதுக்கு எழும்புதேன்? நான் அங்க படிச்சவனா? எனக்கு முட்டுவலி வேற.

மூணாவது தடவ கூப்பிட்டாவ. மேடையில நடு நாற்காலியில இருந்து டாக்டர் எழும்புனாரு. தலைவர் எழும்பணும்னு முறை கிடையாது, எழும்புனாரு. மைக்க வாங்கல. "உள்ளேன் ஐயா." பத்தாவது படிக்கிற பையன் மாதிரி கைய ரெண்டையும் கட்டிக்கிட்டுச் சொன்னாரு. சொல்லிட்டு உக்காரத் தெரியாம அப்படியே நின்னாரு. பக்கத்துல இருந்தவரு தோளப் புடிச்சு உக்கார வச்சாரு.

பேரு வாசிச்சாச்சு, பதிலும் வந்தாச்சு, இனி ரிஜிஸ்தர்ல ஏத்தணும்லா. சாயங்காலம் ஆபீஸ் ரூம்ல போய் பழைய ரிஜிஸ்தர எடுத்தேன். முப்பத்தெட்டு வருசமா அந்தப் பக்கத்த நான் தொறக்கல. கோடு அப்படியே இருக்கு. மை மங்கவே இல்ல. பேரு, தகப்பன் பேரு, பெறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, எல்லாம் என் எழுத்து. அதுக்கு அடுத்த கட்டம், விலகிய காரணம்.

காலியா இருக்கு தம்பி.

நான் முப்பத்தேழு வருசத்துல ஒரு கட்டம் காலியா விட்டவன் இல்ல. ஆடிட்டுக்கு வந்தவன் கூட, ரைட்டர் கட்டத்துல ஈ உக்கார எடமில்லன்னு கேலி பண்ணுவான். கள்ளநோட்டுக்காரனுக்குக் கூட 'படிப்பு முடிந்தது'ன்னு எழுதியிருக்கு. கோடு போட்ட மத்த மூணு பேருக்கும் காரணம் எழுதியிருக்கேன். இவனுக்கு எழுதல. மறந்திருப்பேன். வேற என்ன.

பின்னால ஆளு நிக்கிற மாதிரி இருந்தது. டாக்டர். அந்தக் காலி கட்டத்தப் பாத்துக்கிட்டே நின்னாரு. "ஐயா, அதுல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியும். நான் சொல்லட்டுமா?"ன்னு கேட்டாரு.

நான் சொன்னேன், "டீ குடிச்சீங்களா டாக்டர்?"

"ஐயா, ஒரு நிமிசம் நான் சொல்லுதத..."

"ரிஜிஸ்தர்ல அடுத்தவங்க சொல்லி எழுதுறதில்ல டாக்டர்"னு மூடிட்டேன். அப்படிச் சொன்னது தப்பா தம்பி? யாருக்கு எழுதுதோமோ அவன்கிட்டதான் கேக்கணும். அவன்தான் இல்லையே. அவன் வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருப்பாம்லா? இத்தன வருசம் கூடக் குடும்பம் நடத்துனவ. ஒரு பேத்தி வேற இருக்காளாம், காலேஜ் படிக்காளாம். அவகிட்டயாச்சும் சொல்லியிருப்பான். அதான் போறேன். செத்த தேதி ஒண்ணு, காரணம் ஒண்ணு. ரிஜிஸ்தர வெளிய கொண்டு போகக் கூடாது, அதனால அந்த வரிய மட்டும் ஒரு தாள்ல பாத்து எழுதிச் சட்டைப் பையில வச்சிருக்கேன். இந்தா பாருங்க. ரெண்டு கட்டம் காலி.

டிக்கெட்டு எடுத்தது டாக்டர்தான். நான் மும்பைக்குப் போறேன்னதும் ஒண்ணும் கேக்கல, எடுத்துக் குடுத்துட்டாரு. இன்னைக்குக் காலையில பிளாட்பாரத்துல பாத்தா, கையில ஒரு பையோட நிக்காரு. "நானும் அங்க வந்து சொல்ல வேண்டியிருக்கு ஐயா"ங்காரு. யார்கிட்டன்னு கேட்டேன். "எல்லார்கிட்டயும்"னாரு. எனக்கு எதுக்கு, வந்தா வாரும்னுட்டேன்.

நீங்க ஏன் தம்பி அப்படிப் பாக்கீங்க? எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணுல தண்ணி வந்தா சன்னல் காத்து. நீங்க சன்னல மறிச்சுத்தான் உக்காந்திருக்கீங்க, சரி, ஏதோ தூசி.

ஒண்ணு கேக்கேன். நீங்க கதையப் புதுசாக் கேக்க ஆளு. சாவி ஆணியில தொங்குச்சுன்னு சொன்னேம்லா. ஞாயித்துக்கிழம அந்த வாசல்ல ரெண்டு பேரு உக்காந்து படிச்சானுவன்னும் சொன்னேம்லா. நான் ஒருத்தன் பையத்தான் சரியாப் பாத்தேன். அது என் மவன் பை. அப்போ அதுதான் நேர்மைன்னு நெனச்சேன்.

வேண்டாம், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். திருமங்கலம் போயிட்டு, மதுரை வந்துரும். பைய எடுத்துக்கிடுங்க, மேல குடை இருக்கு, மறந்துராதீங்க.

தம்பி, போற வழியில ஒரு உதவி. அந்தா கதவுப் பக்கம் டீய வச்சுக்கிட்டு நிக்காரு பாருங்க, கண்ணாடி போட்டவரு, தலை நரைச்சவரு. டீ ஆறியே போயிருக்கும். அவருகிட்ட சொல்லுங்க, ரைட்டர் பக்கத்துல எடம் காலியாயிட்டுன்னு. மும்பை போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல இருக்கு. பேனா எங்கிட்ட இருக்கு.

ரைட்டர் கூப்பிடுதாருன்னு சொல்லுங்க. மூணாவது கூப்பிடு வரைக்கும் நிக்க வேண்டாம், மொதக் கூப்பிடுலயே வரச் சொல்லுங்க.